கோடிட்ட இடத்தை நிரப்புக

நடுவர் அவர்களே, பேசி முடித்த களைப்பில் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அம்மா அவர்களே, என் அணித் தோழர்களே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் முறுக்குத் தட்டோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

இன்றைக்குத் தலைப்பு என்ன? பின்னால் செய்த பிழை, முன்னால் செய்த நன்மையை அழிக்குமா, அழிக்காதா? அழிக்கும் என்று அம்மா பேசினார்கள். நல்லாத்தான் பேசினார்கள். ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்தால் அதைக் குடிப்பீர்களா என்று கேட்டார்கள். மண்டபமே கைதட்டிச்சு. என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் தட்டினார். (சிரிப்பு) அதை நான் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

அம்மா, குடிக்கிறதுக்கு முன்னால் விஷம் விழுந்தால் பாலைக் கீழே கொட்டிடலாம். ஆனால் அந்தப் பாலைக் காய்ச்சிக் கொடுத்து, பிள்ளை குடித்து, வளர்ந்து, ஆளாகி நின்ற பிறகு, பால் கொடுத்த கை கெட்ட கை என்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? குடித்த பாலைக் கக்க முடியுமா? நான் பேச வந்தது அந்தக் குடித்த பாலைப் பற்றி. (கைதட்டல்)

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினவன். அமெரிக்கச் சுதந்திரப் போர் எங்கள் பாடத்தில் ரெண்டு பக்கம் வரும். அதிலே சரடோகா என்ற ஊர்ப் பெயரை மட்டும் தேர்வில் வழக்கமாகக் கேட்பார்கள். ‘1777-இல் ஆங்கிலப் படை தோற்ற இடம் ______.’ கோடிட்ட இடத்தை நிரப்புக. ஒரு மதிப்பெண். முப்பது வருஷம் அந்தக் கோட்டை நான் போட்டேன், பிள்ளைகள் நிரப்பினார்கள். அந்த ஊரிலேயே நிரப்பாத கோடு ஒன்று இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

மகள் அல்பனி நகரத்தில் குடியிருக்கிறாள். அது நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம். பேரனுக்குக் காது குத்தணும் என்று கூப்பிட்டாள், போனோம். காது குத்தி முடித்த மறுநாள், வரலாற்று வாத்தியாரை எங்கே கூட்டிப்போவது என்று யோசித்து, மாப்பிள்ளை வண்டியை வடக்கே விட்டார். ஹட்சன் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயரே விக்டரி, வெற்றி. பக்கத்து ஊர் ஸ்கைலர்வில். பழைய பெயர் சரடோகா. அந்த மேட்டு நிலத்திலே கல்லால் கட்டின ஒரு கோபுரம். அடியில் அகலம், மேலே போகப்போகக் கூர். 155 அடி உயரம். உள்ளே 188 படி. என் முழங்கால் படியைப் பார்த்ததுமே ‘நான் வரலை’ என்றது. (சிரிப்பு) அதனால் எல்லோரும் மேலே ஏறிப்போக, நான் கீழேயே கோபுரத்தைச் சுற்றி வந்தேன். கோயிலைச் சுற்றிப் பழகின கால் அல்லவா?

நம்ம சிவன் கோயில் கருவறைச் சுவரைச் சுற்றி வந்தால் கோஷ்டம் இருக்கும். சுவரிலே குடைந்த மாடம், அதிலே ஒரு சாமி. இந்தக் கோபுரத்திலும் அப்படியே. நாலு பக்கம், நாலு மாடம், மாடத்துக்கு ஒரு வெண்கலத் தளபதி. ஒரு பக்கம் ஹோரேஷியோ கேட்ஸ், அந்தப் போரில் தலைமைத் தளபதி. இன்னொரு பக்கம் ஃபிலிப் ஸ்கைலர், அவருக்கு முன்னால் தலைமையில் இருந்தவர். மூன்றாவது டேனியல் மார்கன், குறி தப்பாத துப்பாக்கிக்காரர்களின் தலைவர். சுற்றிக்கொண்டே தெற்குப் பக்கம் வந்தேன். தெற்குக் கோஷ்டத்தில் நம்ம ஊரில் யார்? தட்சிணாமூர்த்தி. வாய் திறக்காமல் பாடம் சொல்கிறவர். இங்கே தெற்கு மாடத்தில் யாரும் இல்லை. காலி.

உடைந்து விழுந்ததா, திருட்டுப் போனதா, பழுது பார்க்க எடுத்துப் போயிருக்கிறார்களா என்று நினைத்தேன். மாப்பிள்ளை படி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சொன்னார்: “மாமா, அது காலியா இருக்கணும்னே கட்டினது.”

நடுவர் அவர்களே, ஒரு நிமிஷம் யோசியுங்க. இந்தக் கோபுரத்தைக் கட்டணும் என்று 1859-இல் சங்கம் வைத்தார்கள். நடுவிலே அவர்கள் நாட்டிலேயே உள்நாட்டுப் போர் வந்து வேலை நின்றது. 1877 அக்டோபர் 17-ஆம் தேதி, வெற்றியின் நூறாவது ஆண்டு நாளில், அடிக்கல். 1880-களில் கட்டி முடித்தார்கள். முறைப்படி அர்ப்பணிப்பு விழா நடந்தது 1912-இல். நம்ம ஊர் மேம்பாலம் மட்டும்தான் இழுக்கும் என்று நினைக்காதீங்க. (பலத்த சிரிப்பு) இத்தனை வருஷம் யோசித்துக் கட்டினவர்கள், அந்த நாலாவது ஆள் வேண்டாம் என்றால் மூன்று மாடம் வைத்திருக்கலாமே? அந்தப் பக்கம் சுவரை மூடி விட்டிருக்கலாமே? யாராவது கேட்கப்போகிறார்களா? இல்லை. கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து, மாடத்தைக் குடைய வைத்து, அதைக் காலியாக விட்டார்கள்.

அந்த நாலாவது ஆள் பெனடிக்ட் ஆர்னால்டு. நம்ம ஊரில் காட்டிக்கொடுத்தவனை என்ன பெயர் சொல்லித் திட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் அதற்கு ஆர்னால்டு என்று சொல்வார்கள்.

முதலில் பாலைச் சொல்கிறேன். அப்புறம் விஷம்.

ஆர்னால்டு 1741-இல் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் ஊரில் பிறந்தவர். மருந்துக்கடை வைத்திருந்தார், கப்பல் வியாபாரம் செய்தார். 1775-இல் போர் மூண்டதும் கடையை விட்டுவிட்டு வந்தவர். அந்த மே மாதம் ஈதன் ஆலன் என்பவரோடு சேர்ந்து டைகாண்டரோகா கோட்டையைப் பிடித்தார். அதே வருஷம் சுமார் 1,100 பேரைக் கூட்டிக்கொண்டு, மெய்ன் காட்டு வழியாகக் கனடாவின் கியூபெக் நகரத்துக்கு நடந்தார். ஆறு, சதுப்பு, குளிர். சாப்பாடு தீர்ந்து, செருப்புத் தோலை வேகவைத்துத் தின்றார்கள். பாதி வழியில் பலர் திரும்பிவிட்டார்கள், பலர் செத்தார்கள். போய்ச் சேர்ந்தது 600 பேர் அளவுதான். 1775 டிசம்பர் 31, பனிப்புயலில் நகரத்தைத் தாக்கினார்கள். தோற்றார்கள். ஆர்னால்டின் இடது காலில் குண்டு பாய்ந்தது. இடது கால், ஞாபகம் வச்சுக்கோங்க. அவர் விழுந்ததும் அந்த இடத்தில் முன்னால் நின்று சண்டை போட்டவர், மூன்றாவது மாடத்தில் நிற்கிறாரே, அதே மார்கன்.

1776-இல் ஆங்கிலேயர்கள் கனடாவிலிருந்து ஷாம்ப்ளேன் ஏரி வழியாக இறங்கி வரப் பார்த்தார்கள். ஆர்னால்டு ஏரிக்கரையில் பச்சை மரத்தை வெட்டி அவசர அவசரமாகப் படகு கட்டினார். அக்டோபரில் வால்கூர் தீவுக்குப் பக்கத்தில் சண்டை. ஆர்னால்டின் படகுகள் பெரும்பாலும் போய்விட்டன. தோல்விதான். ஆனால் அவர் அங்கே வழிமறித்ததில் காலம் கடந்து, குளிர் வந்துவிட்டது. எதிரி திரும்பிப் போய் அடுத்த வருஷம்தான் வர முடிந்தது. அந்த ஒரு வருஷ அவகாசம்தான் சரடோகாவுக்கு முதல். கடன் வாங்கி வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு வருஷத் தவணை என்றால் என்ன என்று.

1777. ஆங்கிலத் தளபதி பர்கோய்ன் பெரும் படையோடு தெற்கே வருகிறார். நோக்கம் அல்பனி. ஹட்சன் ஆற்றைக் கைப்பற்றினால் அமெரிக்காவை ரெண்டாக அறுத்துப் போட்டுவிடலாம். செப்டம்பர் 19-இல் ஒரு சண்டை. அதில் ஆர்னால்டின் படைப் பிரிவுதான் நின்றது. தலைமைத் தளபதி கேட்ஸ், தலைநகருக்கு அனுப்பின அறிக்கையில் ஆர்னால்டின் பெயரையே எழுதவில்லை. ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றிப் போய், ஆர்னால்டின் கையிலிருந்த படையையும் கேட்ஸ் பிடுங்கிவிட்டார்.

அக்டோபர் 7, இரண்டாவது சண்டை. கேட்ஸ் பாசறையில் இருக்கிறார். கையில் படையே இல்லாத ஆர்னால்டு குதிரையில் ஏறிக் களத்துக்குப் போய்விட்டார். சொல்லாமல் ஓடினார் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போனார் என்று காட்டும் கடிதம் ஒன்று நம் காலத்தில் வெளிவந்தது. அந்தப் படையில் இருந்த அதிகாரி ஒருவர் தன் மனைவிக்கு எழுதினது. மனைவிக்கு எழுதின கடிதத்தில் உண்மை இருக்குமா என்று இங்கே யாரும் கேட்கக்கூடாது. (சிரிப்பு) எப்படியோ, போனார். சிதறி நின்ற ஆட்களைச் சேர்த்துக்கொண்டு எதிரியின் மண் அரணுக்குள்ளே பாய்ந்தார். குதிரை சுடப்பட்டு விழுந்தது. அவர் காலிலும் குண்டு. எந்தக் கால்? அதே இடது கால். எங்கே பட்டது என்று கேட்ட நண்பரிடம், “அதே கால்தான், நெஞ்சிலே பட்டிருக்கக்கூடாதா” என்றாராம்.

நெஞ்சிலே பட்டிருந்தால் தெற்கு மாடத்தில் இன்றைக்குச் சிலை இருக்கும். நாலு சிலையிலும் அதுதான் பெரிய சிலையாக இருந்திருக்கும். அந்தக் குண்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருந்தது ஒரு மூணடி தூரம். அந்த இடத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கலங்கும். (அமைதி)

பத்தே நாளில், அக்டோபர் 17-இல், பர்கோய்ன் கிட்டத்தட்ட 6,000 பேரோடு சரணடைந்தார். அந்தச் செய்தி கடல் தாண்டிப் பாரிசுக்குப் போனது. 1778 பிப்ரவரி 6-இல் பிரான்சு அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டது. பணம் வந்தது, படை வந்தது, கப்பல் வந்தது. 1781-இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்ததற்கு, கடலை அடைத்துக்கொண்டு நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் பெரிய காரணம். அந்தக் கார்ன்வாலிஸ் பிறகு கவர்னர் ஜெனரலாக நம்ம நாட்டுக்கு வந்து திப்புவோடு சண்டை போட்டார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் அவர் சிலையைப் பார்க்கலாம். தோற்றவருக்குச் சிலை சென்னையிலே நிற்கிறது, ஜெயித்தவருக்கு மாடம் காலி! (கைதட்டல்)

சரி, இப்போது விஷம். இதை நான் ஒளிக்கப்போவதில்லை. ஒளித்தால் என் கட்சி தோற்றுவிடும்.

ஆர்னால்டுக்கு மனக்குறை இருந்தது. 1777 பிப்ரவரியில் அவருக்குக் கீழே இருந்த ஐந்து பேரை அவருக்கு மேலே உயர்த்தினார்கள். கியூபெக் பயணத்தில் கைப்பணம் போட்டுச் செலவு செய்தார். கணக்கைத் தீர்க்காமல் இழுத்தார்கள். ரெண்டு தடவை அடிபட்ட கால், மற்றக் காலைவிட ரெண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. வெட்டி எடுக்கணும் என்று வைத்தியர்கள் சொல்லியும் விடவில்லை. ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. அங்கே தகுதிக்கு மீறிய வாழ்க்கை, கடன், இராணுவ விசாரணை, வாஷிங்டனிடமிருந்தே கண்டனம். 1779-இல் பெக்கி ஷிப்பன் என்ற இளம்பெண்ணைக் கல்யாணம் செய்தார். கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே ஆங்கிலேயரோடு இரகசியக் கடிதம் ஆரம்பம். இதையெல்லாம் காரணம் என்று சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். பதவி உயர்வு கிடைக்காதவன் எல்லாம் நாட்டை விற்கக் கிளம்பினால், இந்த மண்டபத்தில் இருக்கிற அரசு ஊழியர்கள் இந்நேரம்... (பலத்த சிரிப்பு) மன்னிக்கணும்.

1780 ஆகஸ்டில் வெஸ்ட் பாயிண்ட் கோட்டையைக் கேட்டு வாங்கினார். ஹட்சன் ஆற்றின் பூட்டு அந்தக் கோட்டை. அந்தப் பூட்டுக்கு 20,000 பவுன் விலை பேசினார். பேரம் பேசிய கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. செப்டம்பர் 23-இல், அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஆங்கில மேஜர் ஆண்ட்ரேயை மூன்று உள்ளூர்க்காரர்கள் மடக்கினார்கள். காலுறைக்குள்ளே கோட்டையின் தாள்கள். 25-ஆம் தேதி காலை ஆர்னால்டு சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது ஆள் பிடிபட்ட செய்தி வருகிறது. அன்றைக்குத்தான் வாஷிங்டன் அவர் வீட்டுக்கு வரவேண்டிய நாள். ஆர்னால்டு எழுந்து, மாடிக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டு, ஆற்றுக்கு இறங்கிப் படகில் ஏறித் தப்பினார். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுத்தான்.

எதிரணி அம்மா சொல்லாத ஒன்றை நானே சொல்கிறேன். அந்தப் படகை வலித்தவர்கள் அவருடைய சொந்த ஆட்கள். எதற்கு வலிக்கிறோம் என்று தெரியாமல் வலித்தார்கள். ஆங்கிலக் கப்பலை அடைந்ததும், நீங்களும் இந்தப் பக்கம் சேருங்கள் என்றார். மாட்டோம் என்றார்கள். அவர்களைக் கைதிகளாக ஒப்படைத்துவிட்டார். பிறகு ஆங்கிலத் தளபதியே வெட்கப்பட்டு விட்டுவிட்டார் என்பது வேறு விஷயம். கோட்டையை விற்றது பெரிய பாவம், சரி. எனக்கு என்னவோ அந்தத் துடுப்புக்காரர்களின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. வியர்வை வழிய வலித்துக் கொண்டுபோய் விட்டவனைக் காட்டிக்கொடுக்க எப்படி மனசு வந்தது?

ஆண்ட்ரேயைத் தூக்கில் போட்டார்கள். 1781 செப்டம்பரில் ஆர்னால்டு ஆங்கிலப் படையோடு போய் நியூ லண்டன் துறைமுகத்தை எரித்தார். அவர் பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆற்றுக்கு அக்கரையில் கிரிஸ்வால்டு கோட்டையில் 80-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பலர் கோட்டை விழுந்த பிறகு. கையில் கிடைத்தது 6,000 பவுனுக்குக் கொஞ்சம் மேலே. 20,000 கேட்டவருக்கு! 1784-இல் கிழக்கிந்தியக் கும்பெனியில் வேலை கேட்டார். கொடுக்கவில்லை. நம்ம நாட்டையே சுருட்டி வாயில் போட்ட கும்பெனி, அவங்களுக்கே இவர் ஆகவில்லை! (சிரிப்பு, கைதட்டல்) 1801-இல் லண்டனில் இறந்தார்.

இப்போ அம்மா எழுந்து கேட்பார்கள்: “இவ்வளவும் சொல்லிவிட்டு, இவருக்கு வக்காலத்து வேறயா?” வக்காலத்து இல்லை அம்மா. சிலை வைக்கணும் என்றும் நான் கேட்கவில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. அக்டோபர் 7-ஆம் தேதி என்ன ஆச்சு? 1780-இல் துரோகம் செய்ததால் 1777-இல் அந்த மண் அரண் விழாமல் போய்விட்டதா? பர்கோய்ன் வாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாரா? பிரெஞ்சுக் கப்பல்கள் ‘இது துரோகி ஜெயித்த வெற்றி, எங்களுக்கு வேண்டாம்’ என்று திரும்பிப் போனதா? அந்த வெற்றியில் கிடைத்த சுதந்திரத்தை ஒருத்தராவது, ‘விஷம் கலந்த பால்’ என்று கொட்டினார்களா? குடித்தார்கள். நாடாக வளர்ந்தார்கள். (நீண்ட கைதட்டல்)

சரி, மற்ற மூன்று மாடத்தில் நிற்பவர்கள் என்ன அப்பழுக்கற்றவர்களா? கேட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1780 ஆகஸ்டில் தெற்கே கேம்டன் என்ற இடத்தில் படை உடைந்தது. தலைமைத் தளபதி குதிரையைத் திருப்பி ஓட்டினவர், மூன்று நாலு நாளில் 170 மைலுக்கு மேலே போய்த்தான் நின்றார். அவருக்குச் சிலை. ஸ்கைலர் பல அடிமைகளை வைத்திருந்தவர். அல்பனி நகரமன்றத்துக்கு முன்னால் நின்ற அவருடைய இன்னொரு சிலையை 2023-இல் எடுத்துவிட்டார்கள். அதே மனிதர் விக்டரியில் மாடத்தில் நிற்கிறார். ஒரு மணி நேரம்கூட ஆகாத கார்ப் பயணம்; அங்கே இறக்கினார்கள், இங்கே நிற்கிறார். மூன்று பேரில் மார்கனைத்தான் எனக்குப் பிடிக்கும். வாலிபத்தில் ஆங்கிலப் படைக்கு வண்டி ஓட்டினவர்; அதிகாரியை அடித்ததற்காக 499 கசையடி. எண்ணினவன் ஒன்றைக் குறைத்துவிட்டான், இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கிறது என்று சாகிற வரைக்கும் சொல்லிச் சிரித்தாராம். அந்த முதுகோடு வந்து சரடோகாவில் நின்றார்.

அந்தக் கோபுரம் மட்டும் இல்லை. தெற்கே சில மைல் தள்ளிப் போர் நடந்த களத்துக்கு மாப்பிள்ளை கூட்டிப்போனார். அங்கே ஆர்னால்டு விழுந்த அரண் பக்கம் ஒரு சின்னக் கல். 1887-இல் ஜான் வாட்ஸ் டி பேஸ்டர் என்ற படைத் தளபதி வைத்தது. கல்லில் முகம் இல்லை, உடம்பு இல்லை. ஒரு பீரங்கிக் குழல், ஒரு தோள்பட்டை அணி, ஒரு பூட்ஸ். ஒற்றைப் பூட்ஸ், இடது கால் பூட்ஸ். பின்பக்கம் எழுத்து இருக்கிறது: இந்தப் படையின் மிகச் சிறந்த போர்வீரன் இந்த இடத்தில் படுகாயம் அடைந்து, தன் நாட்டாருக்கு வெற்றி வாங்கித் தந்தான் என்கிற பொருளில். யார் அந்த வீரன்? பெயர் இல்லை. முழுக் கல்லையும் படித்தேன், இல்லை. தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, புகழ் இருக்கிறது, பெயருக்குக் கோடு! வெஸ்ட் பாயிண்ட்டில், அவர் விற்கப் பார்த்த அதே இடத்தில், பழைய தேவாலயச் சுவரில் சுதந்திரப் போர்த் தளபதிகளுக்கு வரிசையாகக் கறுப்புப் பளிங்குப் பலகைகள் இருக்கின்றன. ஒரு பலகையில் மேஜர் ஜெனரல் என்ற பதவியும் பிறந்த வருஷமும் மட்டும். பெயர் கிடையாது. முப்பது வருஷம் கோடிட்ட இடம் போட்ட வாத்தியாருக்கு இதைவிட என்ன வேணும்?

அந்தப் பூட்ஸுக்கு ஒரு கதை சொல்வார்கள். கட்சி மாறிய பிறகு ஆர்னால்டு, பிடிபட்ட அமெரிக்க அதிகாரி ஒருவரிடம், “உங்கள் ஆட்கள் கையில் நான் சிக்கினால் என்னை என்ன செய்வார்கள்?” என்று கேட்டாராம். “எங்களுக்காக அடிபட்ட அந்தக் காலை வெட்டி மரியாதையோடு புதைப்பார்கள். மிச்சத்தைத் தூக்கில் போடுவார்கள்” என்று பதில் வந்ததாம். (கைதட்டல்) நடந்ததோ, கட்டினதோ, எனக்குத் தெரியாது. ஆனால் தீர்ப்பு என்றால் இதுதான் தீர்ப்பு. காலுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு. ரெண்டையும் ஒரே தராசுத் தட்டில் போட்டுக் கழிக்கவில்லை. எதிரணியினர் கழித்தல் கணக்குப் போடுகிறார்கள். இது கழித்தல் கணக்கே இல்லை, நடுவர் அவர்களே. ரெண்டு பேரேடு.

நம்ம வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஒரு அதிகாரம் வைத்தார். குறளை நான் சொல்லவேண்டாம், பத்தும் உங்களுக்குத் தெரியும். நன்றி செய்தவன் நல்லவனாக இருந்தால் மட்டும் மறக்காதே என்று அதில் எங்கேயாவது இருக்கிறதா?

நடுவர் மணியில் கையை வைத்துவிட்டார். ஐயா, ரெண்டு நிமிஷம். அந்தக் காலி மாடத்துக்கு முன்னால் நான் ஏன் அவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்க வீட்டு முன்கூடத்துச் சுவரிலே, என் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி உண்டு. வெறும் ஆணி. அதிலே முன்பு என் பெரியப்பா படம் தொங்கிக்கொண்டிருந்தது. தாத்தா சீக்கிரம் இறந்துபோனதால், பெரியப்பா எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் என் அப்பா படித்து வேலைக்குப் போனார். அப்பா படித்ததால் நான் வாத்தியார் ஆனேன். பின்னால் எங்கள் பொது நிலத்தை, ஆற்றோரத்து நஞ்சையை, அப்பா கையெழுத்தைத் தானே போட்டு விற்றுவிட்டார் பெரியப்பா. என் அக்கா கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நிலம். கல்யாணம் நின்றது. அக்காவுக்கு அப்புறம் ஆறு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் ஆச்சு.

அப்பா படத்தைக் கழற்றினார். அதற்கப்புறம் அண்ணன் முகத்தில் முழிக்கவில்லை. ஆனால் ஆணியைப் பிடுங்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க வருகிறவர், “இதைப் பிடுங்கிடட்டுங்களா?” என்று கேட்பார். “அது இருக்கட்டும்” என்பார் அப்பா. ஒருமுறை அம்மா அதிலே காலண்டரை மாட்டினாள். மறுநாள் காலையில் காலண்டர் வேறு இடத்தில் தொங்கியது. யாரும் எதுவும் பேசவில்லை. அண்ணன் செய்ததை அவர் மன்னித்தாரா? இல்லை. கடைசி வரைக்கும் இல்லை. அக்கா இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவள் கோபம் நியாயம்.

அப்பா காலமான பிறகு, அவர் படத்தைப் பெரிசு பண்ணிக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தோம். எங்கே மாட்டுவது? ஆணிதான் இருக்கிறதே என்றான் தம்பி. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, “பக்கத்திலே வேற ஒண்ணு அடி” என்றாள்.

(நீண்ட கைதட்டல்)